கீழே போட்டவள்

பூங்கொடி எதையும் கீழே போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஓசூர் சிப்காட்டில் எந்த டீக்கடையில் நின்று அவள் பெயரைச் சொன்னாலும், "யாரு, அந்த சாட்டிலைட் சாமானைக் கீழ போட்டாளே, அவளா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவன் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான். அந்தச் சாமான் உருண்டையா சதுரமா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் போட்டது அவள்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான். ஊர் வாய்க்கு ஒரு சங்கதி கிடைத்துவிட்டால் அவ்வளவுதான்.

அந்தச் சாமான் ஓர் உலோக உருளை. டைட்டானியத்தில் கடைந்தது, உள்ளங்கையில் அடங்கும். அதற்குள்ளே, அதைத் தொடாமல், பிளாட்டினத்தில் இன்னோர் உருளை. இரண்டையும் காற்றில்லாத பெட்டிக்குள் வைத்துச் செயற்கைக்கோளில் அனுப்பினால், பூமியைச் சுற்றியபடி அவை ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். சுற்றுவது என்றால் என்ன, தரையில் மோதாமல் விழுந்துகொண்டே இருப்பதுதானே. இரண்டு உலோகமும் ஒன்றுபோல விழுகின்றனவா, இல்லை ஒன்று மற்றதைவிடத் துளியாவது பின்தங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. எதுவானாலும் ஒன்றுபோலத்தான் விழும் என்பது ஈர்ப்பு விதி. தப்பு, அப்படி விழவில்லை என்று எவனாவது நிரூபித்துவிட்டால், உலகம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்.

அந்த ஆசைதான் பிரதாப்புக்கு. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தச் சோதனைக்குத் தலைவன். பிறந்தது ராயக்கோட்டை. படித்த மனிதனை 'அவர்' என்று சொல்ல வேண்டியதுதான் முறை. இந்தக் கதையில் அந்த மரியாதைக்கு இடமில்லை.

உருளைகளைக் கடைந்து, கழுவி, சோதித்து, பெட்டிக்குள் பொருத்திக் கொடுக்கும் வேலை ஓசூரில் ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது. அங்கே கிளீன் ரூமுக்கு இன்சார்ஜ் பூங்கொடி. குருபரப்பள்ளிக்காரி. கிருஷ்ணகிரியில் இன்ஜினியரிங் முடித்த கையோடு அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். அவளுடைய அறைக்குள் பூ வைத்தவள் நுழைய முடியாது. பவுடர் போட்டவள் நுழைய முடியாது. நெற்றியில் குங்குமமோ விபூதியோ இருந்தால், எம்.டி.யே ஆனாலும் வாசலில் நின்று துடைத்துவிட்டுத்தான் வர வேண்டும். மஞ்சள் கயிற்றிலிருந்து தூள் உதிர்கிறது என்று தாலியைக் கல்யாணமான முதல் வாரமே சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மாமியார் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் கை நடுங்காமல் வேலை செய்கிறவள் என்ற பெயர், வீட்டில் யார் முகத்தைத் தூக்கினாலும் கவலைப்படாத அளவுக்கு அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று அது நடந்தது. எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்தன, காந்தச் சோதனை உட்பட. உருளையில் காந்தத்தன்மை துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பூமியின் காந்தம் அதைப் பிடித்து இழுக்கும், ஈர்ப்பு எது காந்தம் எது என்று பிரித்தறிய முடியாது. பூங்கொடி கழுவிய உருளையில் அப்படி எதுவும் இல்லை என்று ரிசல்ட் வந்திருந்தது. மறுநாள் பெட்டியை மூட வேண்டும். வெளியே மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, கம்பெனி மொத்தமும் பொரி கடலைக்கு வரிசையில் நின்றது. பூங்கொடி மட்டும் உள்ளே டைட்டானியம் உருளையோடு இருந்தாள்.

கதவு திறந்தது. பிரதாப் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். சரோஜம்மாளுக்கு எழுபதை ஒட்டிய வயது. பட்டுப்புடவைக்கு மேலேயே கவுனை மாட்டிவிட்டிருந்தான். தொப்பி, முகமூடி, கிளவுஸ் எல்லாம் உண்டு. கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன, மை தீட்டிய கண்கள்.

"அம்மா பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. ரெண்டே நிமிஷம் பூங்கொடி," என்றான்.

வாடிக்கையாளர் ஆயிற்றே என்று பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். சரோஜம்மாள் உருளையைப் பார்த்தார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஒரு கீறல் கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. சரோஜம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"எவ்வளவு லட்சணமா இருக்குது. எத்தினி கண்ணு படுமோ," என்றவர், கிளவுஸ் மாட்டிய விரலால் தன் கண்ணோரத்தைத் தொட்டு, உருளையின் உள்விளிம்பில், வரிசை எண் பொறித்திருந்த இடத்தில், ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார்.

பிறந்த குழந்தைக்குக் கன்னத்தில் வைப்போமே, அதே பொட்டு. மனசு நிறையப் பாசத்தோடு வைத்ததுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

"கையை எடுங்கம்மா. வெளிய போங்க," என்று பூங்கொடி போட்ட சத்தத்தில் சரோஜம்மாள் ஆடிப்போய்விட்டார். பிரதாப் அவசரமாக ஒரு துணியை எடுத்துப் பொட்டைத் துடைத்தான்.

"போயிடுச்சு பாருங்க. ஒண்ணும் இல்ல."

"போகல சார். பொறிச்ச எண்ணோட பள்ளத்துல ஏறிக்கினு இருக்குது. கண்மை சார் அது. கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுதான் போடுவாங்க. காந்தம் புடிச்சு இழுக்கும். மறுபடி கழுவி, காந்த டெஸ்ட் திரும்ப எடுக்கணும். மூணு வாரம் ஆவும்."

"மூணு வாரம்னா ராக்கெட்டைத் தவற விடணும். ஒரு பொட்டுக்காகவா?"

"ஒரு பொட்டுக்காகத்தான் சார். நான் சம்மதிக்க மாட்டேன்."

அவள் சம்மதம் யாருக்கு வேண்டும். மறுநாள் காலையில் எம்.டி. தங்கதுரையின் அறையில் பிரதாப் உட்கார்ந்து, பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கதை சொன்னான். பூங்கொடி கை தவறி உருளையைக் கீழே போட்டுவிட்டாள். நல்ல வேளை, அடிபடவில்லை. அதை மறைக்கத்தான் மறுபடி கழுவ வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொட்டுக் கதை கட்டுகிறாள். வயதான தன் அம்மாவை வேறு விரட்டி அடித்தாள். இதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது, அதுவும் எவ்வளவு தன்மையாக. "அவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க சார், மனுஷங்கன்னா தப்பு நடக்கும்" என்று கடைசியில் பரிந்து பேசினானே, அதைத்தான் பூங்கொடியால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

வேலை போனது. போனதோடு விட்டதா? சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பயோடேட்டாவைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், "சொல்லி அனுப்பறோம் மேடம்" என்பார்கள். கையை நம்பிப் பிழைக்கிற தொழிலில் 'கை தவறியவள்' என்று ஒரு பெயர் வந்துவிட்டால், அதற்கு மேல் என்ன இருக்கிறது. கடைசியில் கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில், வெளிநாட்டுக்குப் போகும் பூக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரிக்கும் வேலை கிடைத்தது. அங்கே அவள் பூவைக் கீழே போட்டாலும் கேட்க ஆளில்லை.

வீட்டில் ஒரு தம்ளர் கீழே விழுந்தால் போதும், கூடத்தில் பேச்சு நின்றுவிடும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பது அவள் காதில் விழும். கணவன் மூர்த்தி நல்லவன், பைக் கம்பெனியில் வேலை. ஒருநாள் ஆறுதலாக, "நீ போட்டே இருந்தாலும் என்ன இப்போ, விடு" என்றான். அன்று முழுக்க அவனோடு அவள் பேசவில்லை. போட்டே இருந்தாலுமாம். கட்டிய புருஷனின் மனசிலும் அந்த உருளை கீழே விழுந்துதான் கிடந்தது.

செயற்கைக்கோள் போனது. பூங்கொடி கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் குல்ஷன் போன் செய்தாள். பழைய கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் இருக்கிறவள், பூங்கொடியைவிட இளையவள். ஊரே தள்ளி நின்றபோது, ரம்ஜானுக்குப் பிரியாணி வாளியோடு வீட்டுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, டிவியப் பாத்தீங்களா? ரெண்டு உலோகமும் ஒண்ணா வுழலையாம். டைட்டானியம் பின்தங்குதாம். ஈர்ப்பு விதியே தப்புன்னு பிரதாப் சார் சொல்லிக்கினு இருக்காரு."

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போய் ஆய்வறிக்கையை முழுக்கப் படித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் டைட்டானியம் துளி பிசகுகிறது. துருவங்களுக்கு மேலே போகும்போது அந்தப் பிசகு கூடுகிறது. பூமியின் காந்தம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே. காந்தத்தால் இருக்கலாமா என்ற கேள்விக்கு, 'புறப்படும் முன் செய்த சோதனையில் உருளையில் காந்தத்தன்மை இல்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தான். அவளுடைய சோதனை. அவள் கழுவிய உருளை. பொட்டுக்கு முந்தைய நாள் வந்த ரிசல்ட்டைப் பொட்டுக்குப் பிந்தைய உருளைக்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தான்.

தெரிந்தேதான் செய்தானா என்று ராத்திரியெல்லாம் யோசித்தாள். இல்லை என்றுதான் பட்டது. அவன் மறந்துபோய்விட்டான். அவள் கீழே போட்டாள் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அவனே நம்பிவிட்டான். பொட்டு என்ற ஒன்று அவன் மனசில் இல்லவே இல்லை. அவள் வாழ்க்கையைக் குழிதோண்டிப் புதைத்தவனுக்கு, புதைத்த இடம்கூட நினைவில்லை. 

"இப்பவே சொல்லிடலாம்க்கா," என்றாள் குல்ஷன், மறுநாள் விஷயத்தைக் கேட்டதும்.

"யாருகிட்ட? வயித்தெரிச்சல்ல பேசறான்னுவாங்க. அந்த ரூம்ல இருந்தது மூணு பேரு. அவன் சொல்ல மாட்டான், நான் சொன்னா எடுபடாது."

"அப்போ?"

"அவங்கம்மா இருக்காங்கல்ல. ஏறட்டும் குல்ஷன். இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும்."

ஏறினான். பேப்பரில் ஏறினான், டிவியில் ஏறினான். கண்டுபிடிப்பைச் சரிபார்த்து ஒப்புதல் தர ஒரு குழு போட்டார்கள். தலைவர் பேராசிரியர் நாராயணம்மா, தெலுங்குக்காரர், கறாரானவர் என்று பெயர். அந்த ஒப்புதல் வருவதற்கு முன்னாலேயே, உருளை தங்கள் ஊரில் பிறந்தது என்ற பெருமையில், ஓசூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். தங்கதுரைதான் முன்னின்றார். நாராயணம்மாவும் வர ஒப்புக்கொண்டார். வரவேற்புக்கு நின்ற பெண்களில் குல்ஷனும் ஒருத்தி.

பூங்கொடி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் 'ஓசூர் மண்ணின் மைந்தன்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ராயக்கோட்டைக்காரன் எப்போது ஓசூர்க்காரன் ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. முதல் வரிசையில் சரோஜம்மாள் உட்கார்ந்திருந்தார். அதே பட்டுப்புடவையா என்று தெரியவில்லை, கண்ணில் அதே மை. பூங்கொடி போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சரோஜம்மாளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், அன்று முகமூடிக்குள் அல்லவா இருந்தாள்.

"பிரதாப் சாரோட அம்மாதானுங்களே? ரொம்பச் சந்தோஷமுங்க," என்றாள்.

"ஆமா கண்ணு. நீ யாரு?"

"அந்தக் கம்பெனியில வேலை பாத்தேனுங்க."

சரோஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மெத்தென்ற கை. சாப்பிட்டாயா, எத்தனை குழந்தைகள், எந்த ஊர் என்று விசாரித்தார். குருபரப்பள்ளி என்றதும், அங்கே தங்கச்சி முறையில் ஒருத்தி வாக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். பூங்கொடிக்கு மனசு ஒரு கணம் தள்ளாடியது. இந்த அம்மாளைப் போயா இதில் இழுப்பது என்று தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது சரோஜம்மாள் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கம்பெனின்னா உனக்குத் தெரிஞ்சிருக்கும். எவளோ ஒருத்தி சாமானைக் கீழ போட்டுட்டாளாமே. என் பையன் சொன்னான். நான் முன்னாடியே அதுக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சிருந்தேன். அதனாலதான் உடையாம தப்பிச்சுது. இல்லன்னா அந்தச் சண்டாளி கையால எல்லாம் போயிருக்கும்," என்றார்.

பூங்கொடியின் தள்ளாட்டம் நின்றுவிட்டது.

"பொட்டு வெச்சீங்களா? வூட்டுல நெய் விளக்குல புடிக்கற மையாங்க?" என்று கேட்டாள். விளக்குக் கரியில் செய்த மையாக இருந்தால் அதில் இரும்பு இருக்காது. அவள் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"அதெல்லாம் இப்ப யாரு கண்ணு செய்யறா. பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கறதுதான். எப்பவும் ஒரே கம்பெனி. அழுதாலும் அழியாது," என்று கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"இவ்வளவு பெரிய விஷயம், இதை நீங்க மேடையில சொல்ல வேணாங்களா? பெத்தவங்க பங்கு என்னன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

"எனக்குப் பேச வருமா?"

"எங்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லுங்க. போதும்."

பூங்கொடி எழுந்து குல்ஷனிடம் போனாள். அம்மாவும் இரண்டு வார்த்தை பேச ஆசைப்படுகிறார் என்று மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பச் சொன்னாள். குல்ஷன் தயங்கினாள்.

"அக்கா, வயசானவங்க. ஒண்ணும் தெரியாதவங்க. அவங்க வாயாலயே மவனை..."

"அன்னிக்கி நான் மட்டும் என்ன தப்பு பண்ணேன்? என்னை வுட்டாங்களா? நீ அனுப்பறியா, நானே போகட்டுமா?"

குல்ஷன் அனுப்பினாள்.

தங்கதுரைக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. "ஈன்ற பொழுதில்" என்று ஆரம்பித்து, தாயின் பெருமையை நீட்டி முழக்கி, சரோஜம்மாளை மேடைக்கு அழைத்தார். கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. பிரதாப் சிரித்தபடி எழுந்து, அம்மாவைக் கைத்தாங்கலாக மைக் வரை கூட்டிப் போனான். அவனுக்கு அதில் ஒரு கெடுதலும் தெரியவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது," என்று சரோஜம்மாள் ஆரம்பித்தார். "என் பையன் ராப்பகலா கஷ்டப்பட்டான். நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். ஆயுத பூஜை அன்னிக்கி என்னை உள்ள கூட்டிக்கினு போனான். அந்த உருளைக்கு என் கண்ணுல இருந்த மையை எடுத்துத் திருஷ்டிப் பொட்டு வெச்சேன். அதுக்கப்புறம் அதுக்கு ஒரு குறை வரல. அந்தப் பொட்டுதான் மேல போய், என் பையனுக்கு இந்தப் பேரை வாங்கிக் குடுத்துது."

கூட்டம் உருகிப்போய்க் கைதட்டியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் கைதட்டாமல் இருந்தது ஒருவர்தான். நாராயணம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். இந்தப் பொட்டு எப்போ வெச்சீங்க? டெஸ்ட் எல்லாம் ஆகறதுக்கு முன்னாடியா, ஆனதுக்கு அப்புறமா?"

"எல்லாம் முடிஞ்சு, மறுநாள் பொட்டிய மூடறதா இருந்துதுங்க."

"எந்த மை? இருக்கா கையில?"

சரோஜம்மாள் கைப்பையைத் திறந்து பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். நாராயணம்மா அந்தச் சின்னக் குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அயர்ன் ஆக்சைடு," என்றார். "பிரதாப், இந்தப் பொட்டு பத்தி ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை இல்லையே. ஏமண்டி இது? அப்புறம் உருளையை மறுபடி கழுவினீங்களா?"

பிரதாப் மேசைமேல் இருந்த குப்பியை எடுத்துத் தானும் படித்தான்.  முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதி புரிந்தது, பின்வரிசைக்காரர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாட்டிலைட்டைத் திருப்ப காந்தச் சுருள் இருக்கு இல்லையா? அதை ஓட விட்டுப் பாருங்க. உருளை அதுக்கு ஆடினா, இது ஈர்ப்பு இல்ல, கண்மை. நாளைக்கே எனக்கு ரிசல்ட் வேணும்," என்று சொல்லிவிட்டு நாராயணம்மா எழுந்துகொண்டார். பாராட்டுப் பத்திரம் பிரிக்காமல் மேசையிலேயே கிடந்தது.

பிரதாப் கூட்டத்தைப் பார்த்தான். வரிசை வரிசையாக முகங்கள். முதல் வரிசையில் காலியாக இருந்த அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெண்மேல் அவன் பார்வை வந்து நின்றது.  மறந்ததெல்லாம் அவனுக்கு வந்துவிட்டது, பொட்டு, துணி, தங்கதுரையின் அறை, எல்லாம். பூங்கொடி கண்ணைத் தாழ்த்தவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு பார்வைக்காகத்தானே இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தான். சட்டை நனைந்திருந்தது.

"பூங்கொடி, நான் பண்ணது தப்பு. சுருளை ஓட விட வேண்டியதே இல்ல, எனக்கே தெரியுது, அது பொட்டுதான். கமிட்டி முன்னாடி எல்லாத்தையும் ஒத்துக்கறேன். நீங்க கீழ போடலைன்னு தங்கதுரை சார்கிட்ட, பத்திரிகையில, எல்லா இடத்துலயும் நானே சொல்றேன்."

"சொல்லுங்க சார்."

"ஒண்ணே ஒண்ணு. அம்மா கார்ல உக்காந்து அழுதுக்கினு இருக்காங்க. தான் என்னமோ தப்பா பேசிட்டோம்னு மட்டும் புரிஞ்சிருக்குது. பொட்டாலதான் எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அவங்க கையாலயே என்னை... அவங்ககிட்ட மட்டும், அவங்க ஒருத்தர்கிட்ட மட்டும், நீங்க கீழ போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, அழற மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். உலகம் பூரா உங்க பேரு சரியாயிடும். எங்கம்மா ஒருத்தங்க தப்பா நெனச்சா உங்களுக்கு என்னங்க நஷ்டம்?"

கும்பிட்டான். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டான். நியாயமாகப் பார்த்தால் பெரிய வேண்டுகோள் இல்லை. ஒரு வயதானவளின் மனசுக்காக ஒரே ஒரு பொய், அதைக் கேட்கப்போவதும் ஒரே ஒரு காது. வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். பூங்கொடி காரை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான், அவள் சொல்லிவிடுவாள் என்று நம்பிக்கொண்டு.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. சரோஜம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா கண்ணு. நல்லதுதானே சொன்னேன். எல்லாரும் ஏன் எழுந்து போயிட்டாங்க? இவன் வாயே தொறக்க மாட்டேங்கறான்."

"அம்மா, இவங்கதான் அந்த..." என்று பிரதாப் இழுத்தான்.

"கீழ போட்டேன்னு சொன்னாங்களே, அது நான்தானுங்க," என்றாள் பூங்கொடி.

பிரதாப் மூச்சு விட்டான். சரோஜம்மாளின் கண்கள் விரிந்தன. அவள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பூங்கொடிக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். ஓசூர் முழுக்க அவளை அப்படித்தான் பார்த்தது. தம்ளர் விழுந்தபோது கூடமும் அப்படித்தான் பார்த்தது. உலகத்தில் ஒரே ஒருவரிடம் கூட அந்தப் பார்வை மிச்சமிருக்க அவள் விடப்போவதில்லை.

"நான் எதையும் கீழ போடலைங்கம்மா," என்றாள்.

சரோஜம்மாள் மகனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அது போதுமாக இருந்தது. அந்த அம்மாளின் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பூங்கொடி நின்று பார்த்தாள்.

"அப்போ, நான் வெச்ச பொட்டா?"

"ஆமாங்க."

"என்னைப் பேசச் சொன்னியே. இது தெரிஞ்சுதான் சொன்னியா கண்ணு?"

"தெரிஞ்சுதானுங்க சொன்னேன்."

சரோஜம்மாள் தலையை ஆட்டினார். ஏதோ ஒரு கணக்குச் சரியாகிவிட்டது போல, இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு கையை வெளியே நீட்டி, பூங்கொடியின் கையைத் தேடிப் பிடித்து, ஆயுத பூஜை அன்று அவள் போட்ட சத்தத்தை இப்போதுதான் கேட்டவர் போல, "அன்னிக்கே கத்தினியே, நான்தான் கேக்கல," என்றார்.

திட்டுவார் என்றுதான் பூங்கொடி நின்றிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.